குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் சிக்கல்கள்: தடுப்பும் மேலாண்மையும் – முக்கியக் குறிப்புகள்

அடிப்படை வரையறைகள்

- குடல் வெட்டு: நோயுற்ற குடல் பகுதியை அகற்றுதல்.
- குடல் இணைப்பு: வெட்டிய இரு முனைகளைத் தைத்தோ ஸ்டேப்ளரால் பூட்டியோ சேர்த்தல். மருத்துவப் பெயர் அனாஸ்டமோசிஸ்.
- ஸ்டோமா: வயிற்றுச் சுவரில் குடலுக்கான செயற்கைத் திறப்பு. இலியத்திலிருந்து எனில் இலியாஸ்டமி. பெருங்குடலிலிருந்து எனில் கொலாஸ்டமி.
- சிக்கல்: அறுவைக்குப் பின் இயல்பாகத் தேறும் போக்கிலிருந்து ஏற்படும் எந்த விலகலும்.
- சிக்கல் வேறு, பின்விளைவு வேறு. திட்டமிட்டு வைத்த ஸ்டோமா பின்விளைவு. அது கறுத்துப் போனால் சிக்கல்.
- புற்றுக்கட்டி முழுதும் அகலாமல் போவது இவ்விரண்டிலும் சேராது. நோய் நீக்கத் தோல்வி என்ற மூன்றாம் வகை.

முதன்மைகளும் ஆண்டுகளும்

- 1826 – லெம்பர்ட் தையல். ஆன்டுவான் லெம்பர்ட், பிரான்ஸ். குடலின் வெளியுறையோடு வெளியுறை பொருந்தும் தையல்.
- 1867 – கிருமிநீக்க அறுவை. ஜோசப் லிஸ்டர். பயன்படுத்தியது கார்பாலிக் அமிலம்.
- 1887 – குடல் தையலைத் தாங்கும் அடுக்கு சளிச்சவ்வு அடியடுக்கு என்று காட்டியவர் வில்லியம் ஹால்ஸ்டெட், அமெரிக்கா. குடல் சுவரின் வலிமையான அடுக்கு எது என்ற வினாவுக்கு இன்றும் இதே விடை.
- 1908 – வயிறு, ஆசனவாய் இரு வழியாகவும் மலக்குடல் அகற்றம். எர்னஸ்ட் மைல்ஸ், இங்கிலாந்து.
- 1908 – முதல் அறுவை ஸ்டேப்ளர். ஹூமர் ஹூல்ட்ல், புடாபெஸ்ட்.
- 1921 – ஹார்ட்மன் அறுவை. ஆன்ரி ஹார்ட்மன், பிரான்ஸ். மேல்முனை கொலாஸ்டமியாக வெளியே, கீழ்முனை மூடி உள்ளே. இணைப்பே இல்லை, ஆகவே இணைப்புக் கசிவும் இல்லை.
- 1952 – வெளிப்புறம் மடித்துத் தைத்த இலியாஸ்டமி. பிரையன் புரூக், இங்கிலாந்து.
- 1954 – ஒட்டும் ஸ்டோமா பை. எலிஸ் சோரென்சன், டென்மார்க் செவிலியர். தங்கைக்காக யோசித்தது. இதை உற்பத்தி செய்யத் தோன்றிய நிறுவனம் கோலோபிளாஸ்ட், 1957.
- 1958 – உலகின் முதல் ஸ்டோமா பராமரிப்பு நிபுணர் நோர்மா கில். இடம்: கிளீவ்லாந்து கிளினிக். உடன் நின்ற அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல்.
- 1968 – முழுச் சிரைவழி ஊட்டம். ஸ்டான்லி டட்ரிக், பென்சில்வேனியா. சோதனை உயிரி பீகிள் நாய்க்குட்டிகள்.
- 1982 – மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையோடு முழுமையாக அகற்றும் முறை வெளியீடு. பில் ஹீல்ட், பேசிங்ஸ்டோக், இங்கிலாந்து.
- 1984 – பொகோட்டா பை. ஓஸ்வால்டோ போராயஸ், கொலம்பியா. மூட முடியாத வயிற்றுக்குக் கிருமிநீக்கிய பிளாஸ்டிக் திரவப் பையே தற்காலிக மூடி.
- 1997 – விரைவுத் தேறல் முறைக்கு அடித்தளமிட்ட கட்டுரை. ஹென்ரிக் கெலெட், டென்மார்க்.
- 2008 – அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். உலக சுகாதார அமைப்பு.
- குழப்பும் பெயர்: ஹார்ட்மன் அறுவை ஆன்ரி ஹார்ட்மனுடையது, ஹார்ட்மன் கரைசல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மனுடையது. இரண்டாவதின் வார்டு வழக்கு ரிங்கர் லாக்டேட், சுருக்கமாக ஆர்.எல்.

சிக்கலின் தரவரிசை: கிளாவியன்–டிண்டோ

- முதல் வடிவம் 1992. திருத்திய வடிவம் 2004. சோதித்த நோயாளிகள் 6,336.
- அளவுகோல்: சிக்கலைச் சரிசெய்ய என்ன தேவைப்பட்டது என்பது. நோயின் பெயர் அல்ல.
- தரம் 1 – சிறப்பு மருந்தோ தலையீடோ தேவையில்லை. வாந்தி, காய்ச்சல், வலி மருந்துகள், சிறுநீர்பெருக்கி, உப்புச் சமன், உடற்பயிற்சிச் சிகிச்சை அனுமதி.
- தரம் 2 – பிற மருந்துகள், இரத்தம் ஏற்றல், முழுச் சிரைவழி ஊட்டம்.
- தரம் 3 – அறுவை, எண்டோஸ்கோப்பி அல்லது கதிரியக்கத் தலையீடு. முழு மயக்கமின்றி எனில் 3-ஏ. முழு மயக்கத்தில் எனில் 3-பி.
- தரம் 4 – உயிருக்கு ஆபத்து, தீவிரச் சிகிச்சைப் பிரிவு. ஓர் உறுப்புச் செயலிழப்பு 4-ஏ. பல உறுப்பு 4-பி.
- தரம் 5 – இறப்பு.
- பொறி வினா: படுக்கையிலேயே தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றுதல் எந்தத் தரம்? விடை: தரம் 1. தலையீடு என்ற சொல்லைப் பார்த்து 3 எனக் குறிப்பதே வழக்கமான பிழை.
- டயாலிசிஸ் தேவைப்பட்டால் 4-ஏ.

நாள்வரிசை

- முதன்மை இரத்தக்கசிவு: அறுவையின்போதே.
- எதிர்வினை இரத்தக்கசிவு: 24 மணி நேரத்துக்குள். காரணம்: இரத்த அழுத்தம் மீண்டும் உயர்தல், கட்டிய முடிச்சு நழுவுதல்.
- இரண்டாம்நிலை இரத்தக்கசிவு: 7 முதல் 14 நாள். காரணம்: தொற்று.
- காய்ச்சலின் மரபான வரிசை: நுரையீரல் (நாள் 1–2), சிறுநீர்வழி (3–5), புண்ணும் இணைப்பும் (5–7), கால் சிரை (5–10), மருந்து (எந்நாளும்).
- முதல் 48 மணி நேரக் காய்ச்சலுக்கு நுரையீரல் சுருக்கமே காரணம் என்பது நூல் விடை. ஆய்வுச் சான்று பலவீனம். முதல் இரு நாள் காய்ச்சலில் பெரும்பகுதி திசுக்காயத்தின் அழற்சி எதிர்வினை. விடைத்தாளில் மட்டும் நூல் விடையே மதிப்பெண் தருவது.
- முறைக்கு வெளியே நிற்கும் ஒன்று: முதல் 48 மணி நேரத்தில் புண்ணில் கடும் வலி, பரவும் சிவப்பு, அதிக காய்ச்சல். சாதாரணப் புண் தொற்றுக்கு இது மிக முன்கூட்டிய காலம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அல்லது குளோஸ்ட்ரிடியம் தொற்று. திசு அழுகல் ஐயம், உடனே புண்ணைத் திறந்து பார்த்தல்.

இணைப்புக் கசிவு

- மிகவும் அஞ்சப்படும் சிக்கல். வினாத்தாளிலும் மிகுந்த இடம் பெறுவது.
- வரையறை (2010, மலக்குடல் புற்றுநோய்ப் பன்னாட்டு ஆய்வுக்குழு): இணைப்பிடத்தில் குடல் சுவர் முழுமை குலைந்து, குடலின் உள்வெளிக்கும் வெளிவெளிக்கும் தொடர்பு உண்டாதல். இணைப்பை ஒட்டிய இடுப்புக்குழிச் சீழ்க்கட்டியும் கசிவாகவே கணக்கு.
- தரம் ஏ: சிகிச்சையில் மாற்றம் இல்லை. தரம் பி: தலையீடு உண்டு, வயிற்றை மீண்டும் திறப்பதில்லை. தரம் சி: வயிற்றை மீண்டும் திறத்தல்.
- இடவாரி அபாயம்: சிறுகுடல் இணைப்பில் மிகக் குறைவு; ஆசனவாய்க்கு அருகே செல்லச் செல்ல மிகுதி. தாழ் மலக்குடல் இணைப்பே உச்சம்.
- நோயாளி சார்ந்த காரணிகள்: ஆண் (குறுகிய இடுப்பெலும்புக் குழி), புகைபிடித்தல், ஸ்டீராய்டு, உடற்பருமன், சீரம் அல்புமின் 3.5 கிராம்/டெசிலிட்டருக்குக் கீழ், முன்பே பெற்ற கதிர்வீச்சு.
- அறுவை சார்ந்த காரணிகள்: இழுவிசை, குறைந்த இரத்த ஓட்டம், அவசர அறுவை, மலக்கசிவு, மிகுந்த இரத்த இழப்பு.
- நல்ல இணைப்பின் இரு விதிகள்: இழுவிசையின்மை, போதிய இரத்த ஓட்டம்.
- இரத்த ஓட்டம் மெலிந்த இடங்கள் இரண்டு. கிரிஃபித்ஸ் புள்ளி – மண்ணீரல் வளைவு, மேல், கீழ்க் குடல்தாங்கித் தமனிகளின் எல்லை. சூடெக் புள்ளி – சிக்மாய்டும் மலக்குடலும் சேருமிடம்.
- இணைப்பு மிகப் பலவீனமாக இருக்கும் காலம்: நாள் 3–5. காரணம்: கொலாஜனேஸ் நொதியால் பழைய கொலாஜன் சிதைவு மிகுதி, புதிய கொலாஜன் இன்னும் போதாமை. கசிவு பெரும்பாலும் நாள் 5–7-இல் வெளிப்படுவதன் பின்னணி இதுவே.
- அறுவை அரங்கில் சோதனை: இடுப்புக்குழியில் நீர் நிரப்பி, ஆசனவாய் வழியே காற்று செலுத்திக் குமிழி பார்த்தல்.
- இரத்த ஓட்டச் சோதனை: இண்டோசயனைன் கிரீன் சாயம், சிரை வழி, அண்மை அகச்சிவப்பு ஒளியில் ஒளிர்வு.
- வலிமருந்து ஐயம்: டைக்ளோஃபெனாக் போன்ற ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிகளுக்கும் கசிவுக்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு.
- மலம் திருப்பும் ஸ்டோமா: சுவீடன் ஆய்வு, 2007, நோயாளிகள் 234. அறிகுறியுள்ள கசிவு ஸ்டோமா வைத்தவரில் 10.3 விழுக்காடு, வைக்காதவரில் 28 விழுக்காடு. கசிவின் கெடுவிளைவை ஸ்டோமா குறைக்கிறது என்பதில் ஐயமில்லை.

*கண்டறிதல்*

- முதல் அறிகுறி: காரணம் தெரியாத நாடித் துடிப்பு மிகுதி.
- பிற: வேகமான மூச்சு, புதிதாகத் தோன்றிய இதயத் துடிப்புச் சீரின்மை, வயிற்று உப்புசம், தொடரும் குடல் இயக்க முடக்கம், சிறுநீர் குறைவு, மனக்குழப்பம், டிரெய்ன் குழாயில் மலநிறத் திரவம்.
- வார்டு மாதிரி: நான்காம் நாள், நாடி 112, மூச்சு 24, காய்ச்சல் இல்லை, காலைக் கஞ்சி தொடாமல் மேசையில், "ஒரு மாதிரியா இருக்கு" என்ற ஒற்றைப் புகார். கசிவு இல்லை என உறுதியாகும்வரை கசிவு.
- அடிக்கடி சிறிதளவு நீர்மலம்: குடல் திறந்துவிட்ட நற்குறி எனப் பதிவாவது உண்டு. இடுப்புக்குழிச் சீழ் மலக்குடலை உறுத்துவதாலும் இதே அறிகுறி.
- காய்ச்சலுக்குக் காத்திருத்தல் தவறு. முதியவர், ஸ்டீராய்டு எடுப்பவர் இருவரிலும் காய்ச்சல், வயிற்று இறுக்கம் இரண்டுமே வராமல் போகலாம்.
- சி.ஆர்.பி. (இரத்தத்தின் அழற்சிப் புரதம்) வரம்பு (2014 தொகுப்பாய்வு): நாள் 3 – 172, நாள் 4 – 124, நாள் 5 – 144 மி.கி./லிட்டர். இதற்குக் கீழ் எனில் கசிவு இல்லை எனக் கொள்ளும் உறுதி 97 விழுக்காடு.
- சி.ஆர்.பி.யின் பலம் கசிவை விலக்குவதில்; உறுதிப்படுத்துவதில் அல்ல.
- உறுதிப்படுத்தும் படம்: சி.டி. ஸ்கேன். இடக்கீழ் இணைப்புக்கு ஆசனவாய் வழியே நீரில் கரையும் சாயம் சேர்த்து. பேரியம் கூடாது, வயிற்றறையில் கசிந்தால் கடும் அழற்சி.
- சி.டி. தெளிவாக இருந்தும் நோயாளி தேறவில்லை எனில் கசிவு ஐயம் நீங்குவதில்லை.

*மேலாண்மை*

- நிலையான நோயாளி, சிறு கசிவு: வாய்வழி உணவு நிறுத்தம், சிரைவழி நோய்க்கிருமி எதிரி, கூர்ந்த கண்காணிப்பு.
- எல்லை கட்டிய சீழ்: சி.டி. வழிகாட்டலில் தோல்வழி வடிகுழாய்.
- தாழ் மலக்குடல் இணைப்பின் பின் குழி: எண்டோஸ்கோப்பி வழி வெற்றிடப் பஞ்சு.
- பரவிய வயிற்றறை உறை அழற்சி அல்லது அதிர்ச்சி: வயிற்றைத் திறந்து கழுவுதல், இணைப்பைப் பிரித்து முனையை வெளியே கொணர்தல். அழற்சியுற்ற குடலை மீண்டும் தைத்து விடுதல் பொதுவாகத் தோல்வி.

மீட்கத் தவறுதல்

- வரையறை: சிக்கல் வந்த நோயாளிகளில் இறந்தோர் விகிதம். முன்வைத்தவர் ஜெஃப்ரி சில்பர், 1992.
- அமெரிக்க ஆய்வு, 2009: இறப்பு மிகக் குறைந்த மருத்துவமனைகளில் சிக்கல் 24.6 விழுக்காடு, மிகுந்த மருத்துவமனைகளில் 26.9 விழுக்காடு. ஏறத்தாழச் சமம்.
- சிக்கல் வந்தபின் இறப்பு: முன்னதில் 12.5; பின்னதில் 21.4 விழுக்காடு. வேறுபாடு சிக்கலின் எண்ணிக்கையில் இல்லை. கண்டுபிடித்த நேரத்திலும் எதிர்வினையிலும்.
- நியூஸ்-2 மதிப்பெண்: பிரிட்டிஷ் ராயல் மருத்துவர் கல்லூரி, 2017. ஆறு உடலியல் அளவுகள்: மூச்சு வீதம், ஆக்சிஜன் செறிவு, மேல் இரத்த அழுத்தம், நாடி, உணர்வுநிலை, வெப்பநிலை. ஆக்சிஜன் தரப்படுவதற்குத் தனி 2 மதிப்பெண். மொத்தம் 5–6 எனில் அவசரக் கவனம். 7 அல்லது மேல் எனில் உடனடி அவசர எதிர்வினை.
- அட்டவணையில் மிகவும் அலட்சியமாக நிரப்பப்படும் அளவு மூச்சு வீதம். எல்லா நோயாளிக்கும் 18 அல்லது 20 என்ற பதிவு எண்ணாமல் எழுதியதன் அடையாளம்.
- செப்சிஸ் வரையறை (2016): தொற்றுக்கு உடல் காட்டும் சீர்குலைந்த எதிர்வினையால் உயிராபத்தான உறுப்புச் செயலிழப்பு. சோஃபா (உறுப்புச் செயலிழப்பு) மதிப்பெண் 2 அல்லது மேல் உயர்வு.
- விரைவு சோஃபா மூன்று: மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது மேல், மேல் அழுத்தம் 100 அல்லது கீழ், உணர்வுநிலை மாற்றம்.
- செப்டிக் அதிர்ச்சிச் சிகிச்சை: ஒரு மணி நேரத்துக்குள் நோய்க்கிருமி எதிரி, அதற்குமுன் இரத்த வளர்ப்புச் சோதனை, லாக்டேட் அளவு, கிலோவுக்கு 30 மி.லி. படிகக் கரைசல், அழுத்தம் ஏறாவிடில் நார்அட்ரீனலின், சராசரித் தமனி அழுத்த இலக்கு 65. தொற்று மூலத்தை அகற்றாத செப்சிஸ் சிகிச்சை முழுமையற்றது.

அறுவையிடத் தொற்று

- வகை மூன்று: மேலோட்டக் கீறல், ஆழ்கீறல், உறுப்பு அல்லது உட்குழி. கால வரம்பு 30 நாள். பொருத்துபொருள் இருந்தால் 90 நாள்.
- புண் வகை நான்கு: தூய்மை, தூய்மை-மாசு, மாசு, அழுக்கு.
- திட்டமிட்ட குடல் அறுவை: தூய்மை-மாசு. மலம் சிந்தினால்: மாசு. முன்பே ஓட்டை விழுந்து மலம் பரவிய வயிறு: அழுக்கு.
- ஒரு கிராம் மலத்தில் பாக்டீரியா சுமார் 10,000 கோடி. காற்றிலா பாக்டீரியாவே பெரும்பான்மை. தொற்று உண்டாக்குவதில் முக்கிய இரண்டு: ஈ. கோலை, பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸ் (காற்றிலா வகை).
- தடுப்பு மருந்து: செஃபசோலின் 2 கிராம் + மெட்ரோனிடசோல் 500 மி.கி. கீறலுக்கு முன் 60 நிமிடத்துக்குள். வான்கோமைசின் எனில் 120 நிமிடம்.
- அறுவை நீண்டால் செஃபசோலின் மறுஅளவு 4 மணி நேரத்தில். நிறுத்தம் 24 மணி நேரத்துக்குள். ஐந்து நாள் 'கவர்' என்ற வழக்கத்துக்குச் சான்று இல்லை.
- வாய்வழி நியோமைசின் + எரித்ரோமைசின், அறுவைக்கு முந்திய நாள்: நிக்கோல்ஸ்–காண்டன் முறை, 1973.
- பேதி மருந்தால் குடல் சுத்தம் மட்டும் தனியாக: பரிந்துரை இல்லை. வாய்வழி நோய்க்கிருமி எதிரியோடு சேர்த்து: பரிந்துரை உண்டு. (உலக சுகாதார அமைப்பு, 2016.)
- முடி: மழித்தல் கூடாது, தேவையெனில் கிளிப்பர். தோல் சுத்தம்: ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின்.
- உடல் வெப்பம்: 1996, ஆண்ட்ரியா குர்ஸ், டேனியல் செஸ்லர் குழு, பெருங்குடல் அறுவை நோயாளிகள் 200. சூடு காத்தவரில் புண் தொற்று 6, குளிர விட்டவரில் 19 விழுக்காடு. வேறுபாடு சுமார் 2 டிகிரி செல்சியஸ் மட்டுமே.
- சீட்டா ஆய்வு, 2022: இந்தியா உட்பட 7 நாடுகள், 13,301 நோயாளிகள். வயிற்றை மூடுமுன் கையுறையும் கருவிகளும் மாற்றல். தொற்று 18.9-இலிருந்து 16 விழுக்காடு.
- சரிபார்ப்புப் பட்டியல்: அம்சங்கள் 19, கட்டங்கள் 3 – மயக்கத்துக்கு முன், கீறலுக்கு முன், அரங்கைவிட்டு வெளியேறுமுன். சோதித்த 8 நகரங்களில் இந்திய நகரம் புதுதில்லி. இறப்பு 1.5-இலிருந்து 0.8, சிக்கல் 11-இலிருந்து 7 விழுக்காடு.
- மேலோட்டத் தொற்றுக்குச் சிகிச்சை: தையல் பிரித்தல், சீழ் வெளியேற்றல், டிரெஸ்ஸிங். மாத்திரை மட்டும் போதாது.

குடல் இயக்க முடக்கம்

- அறுவைக்குப் பின் இயக்கம் திரும்பும் வரிசை: சிறுகுடல் (0–24 மணி), இரைப்பை (24–48), பெருங்குடல் (48–72). பெருங்குடலே கடைசி.
- நீடித்த முடக்கம் (2013 வரையறை): நாள் 4 அல்லது அதற்குப் பின், ஐந்தில் இரண்டு – குமட்டல் அல்லது வாந்தி, 24 மணி உணவு ஏற்காமை, 24 மணி வாயு பிரியாமை, உப்புசம், படச் சான்று.
- காரணங்கள்: குடலைக் கையாண்டதால் அழற்சி, மார்ஃபின் வகை மருந்து, பொட்டாசியம் குறைவு, மிகைத் திரவத்தால் குடல் வீக்கம், மறைந்திருக்கும் கசிவு.
- பொட்டாசியம் இயல்பளவு 3.5–5 மில்லிமோல்/லிட்டர்.
- திரவம்: 2002, டிலீப் லோபோ, நாட்டிங்ஹாம், நோயாளிகள் 20. உப்பும் நீரும் மிகுந்தால் இரைப்பை காலியாதலும் குடல் தேறலும் தாமதம்.
- மறுபக்கம்: ரிலீஃப் ஆய்வு, 2018, சுமார் 3,000 பேர். திரவத்தை மிகச் சுருக்கினால் சிறுநீரகக் காயம் 8.6, தாராளப் பிரிவில் 5 விழுக்காடு. இலக்கு வறட்சியும் வெள்ளமும் அற்ற சமநிலை.
- ஒரு லிட்டர் 0.9 விழுக்காடு சலைனில் சோடியம் 154 மில்லிமோல், குளோரைடும் 154.
- தடுப்பு: லேப்பராஸ்கோப்பி, மார்பு எபிடூரல், மார்ஃபின் குறைத்தல், முதல் நாளே உணவும் நடையும், சூயிங் கம் (பொய்யூட்டல்), அல்விமோபான் (மியூ ஏற்பித் தடுப்பி, அமெரிக்க அனுமதி 2008).
- காபி: ஹைடல்பெர்க் ஆய்வு, 2012. முதல் மலம் கழிக்க காபி தந்தவரில் 60.4 மணி, நீர் தந்தவரில் 74 மணி.
- ரைல்ஸ் டியூப் (மூக்குவழி இரைப்பைக் குழாய்): வழக்கமாக வைத்தல் கூடாது. வாந்தியும் உப்புசமும் இருந்தால் வைத்தே ஆகவேண்டும். மறுத்துத் தாமதித்தால் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா.
- முடக்கமா அடைப்பா: முடக்கத்தில் குடல் ஒலி இன்மை, வலி குறைவு, படத்தில் சிறுகுடல் பெருங்குடல் இரண்டிலும் காற்று. அடைப்பில் விட்டுவிட்டு வரும் வலி, உரத்த ஒலி, அடைப்புக்கு மேல் மட்டுமே விரிவு.

விரைவுத் தேறல் முறை – ஈராஸ்

- ஆய்வுக்குழு 2001; சங்கம் 2010, சுவீடன். முக்கியப் பெயர்கள்: ஓலே யுங்க்விஸ்ட், கென் ஃபியரன்.
- கூறுகள் 20-க்கும் மேல். தனித்தனியே சிறு பயன்; சேர்த்தால் பெரும் பயன்.
- புகை, மது நிறுத்தம்: குறைந்தது 4 வாரம் முன்.
- பட்டினி: திட உணவு 6 மணி, தெளிந்த திரவம் 2 மணி. இரவு 12 மணிக்குப் பின் எதுவும் வாயில் படக்கூடாது என்ற விதி காலாவதி.
- மாவுச்சத்து பானம்: முந்திய இரவு 800 மி.லி., காலை 400 மி.லி. பயன்: இன்சுலின் எதிர்ப்பு குறைதல்.
- சிறுநீர்க் குழாய்: பெருங்குடல் அறுவையில் நாள் 1-இல் அகற்றம்.
- வயிற்று டிரெய்ன்: வழக்கமாக இல்லை.

நுரையீரல், சிரை

- ஊக்க மூச்சுமானி: ராபர்ட் பார்ட்லெட். எக்மோ கருவியின் முன்னோடியும் அவரே.
- மூன்று பந்துக் கருவி: 600, 900, 1,200 மி.லி./வினாடி. உள்ளே இழுத்தல் மட்டுமே பயிற்சி. குழாயில் ஊதிவிட்டுப் பந்து ஏறவில்லை என்பது வார்டில் அன்றாடக் காட்சி.
- சிரை இரத்த உறைவுக்கு விர்ச்சோ முக்கூறு: இரத்தத் தேக்கம், சிரைச் சுவர்க் காயம், உறைதன்மை மிகுதி.
- காப்ரினி மதிப்பெண் (சிரை உறைவு அபாய அளவு) 5 அல்லது மேல்: உயர் அபாயம்.
- எனாக்சபாரின் 40 மி.கி., தோலடி, நாளொன்றுக்கு ஒருமுறை. வயிற்றுப் புற்று அறுவைக்குப் பின் 4 வாரம்.
- திடீர் மூச்சுத்திணறல், மார்வலி, ஆக்சிஜன் வீழ்ச்சி: நுரையீரல் தமனி அடைப்பு ஐயம். உறுதிச் சோதனை: சி.டி. ஆஞ்சியோகிராம்.

வயிற்றுத் தையல் பிரிதல்

- காலம்: நாள் 5–8. முன்னறிவிப்பு: திடீரெனக் கட்டை நனைக்கும் இளஞ்சிவப்புத் திரவம்.
- குடல் வெளித்தள்ளினால்: சலைனில் நனைத்த கிருமிநீக்கிய துணியால் மூடல், முழங்கால் மடக்கிய சாய்நிலை, வாய்வழி எதுவுமில்லை, அவசர அறுவை. உள்ளே தள்ளுதல் கூடாது.
- ஜென்கின்ஸ் விதி, 1976: நூல் நீளம், புண் நீளம் 4:1.
- ஸ்டிச் ஆய்வு, 2015, நெதர்லாந்து: 5 மி.மீ. சிறுதையலில் ஓராண்டுக் குடலிறக்கம் 13. பெருந்தையலில் 21 விழுக்காடு.
- வயிற்றறை அழுத்தம் 12 மி.மீ. பாதரசம் அல்லது மேல்: அழுத்த மிகுதி. 20-க்கு மேல், புதிய உறுப்புச் செயலிழப்புடன்: வயிற்றறை இறுக்க நோய்க்குறி. அளக்கும் வழி: சிறுநீர்ப்பை.

குடல்–தோல் ஃபிஸ்டுலா

- பெரும்பான்மைக் காரணம்: முந்திய அறுவை.
- 24 மணி வெளியேற்றம்: 200 மி.லி.க்குக் கீழ் குறைவு, 200–500 மிதம், 500-க்கு மேல் மிகுதி.
- தானே மூடாமைக்குக் காரணம்: அந்நியப் பொருள், கதிர்வீச்சு, தொற்று அல்லது அழற்சி, பாதையில் மேல்தோல் வளர்ச்சி, புற்று, கீழ்ப்புற அடைப்பு.
- வரிசை: செப்சிஸ் கட்டுப்பாடு, ஊட்டம், உடற்கூறு அறிதல், பிறகே அறுவை. அவசரப்பட்ட மறுஅறுவை இரண்டாம் ஃபிஸ்டுலாவுக்கு வழி. பொதுவாக 3 முதல் 6 மாதக் காத்திருப்பு.
- மீளூட்ட நோய்க்குறி: பட்டினி கிடந்தவருக்கு வேகமாக ஊட்டினால் பாஸ்பேட் வீழ்ச்சி. குளுக்கோசுக்கு முன் தயமின். தொடக்கம் கிலோவுக்கு 10 கிலோகலோரி.

ஸ்டோமா சிக்கல்கள்

- நலமான நிறம்: ஈரமான சிவப்பு. கருநீலம் அல்லது கறுப்பு: இரத்த ஓட்டமின்மை.
- கறுப்பு எவ்வளவு ஆழம்: மசகிட்ட கண்ணாடிச் சோதனைக் குழாயை ஸ்டோமாவில் செலுத்தி டார்ச் அடித்துப் பார்த்தல். வயிற்றுச் சுவருக்கு அடியிலும் கறுப்பு எனில் அவசர அறுவை.
- இலியாஸ்டமி உயரம் 2–3 செ.மீ.; கொலாஸ்டமி தோல் மட்டம். காரணம்: இலியத் திரவத்தின் நொதிகள் தோலை அரித்தல்.
- பையைக் காலிசெய்தல்: மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும். தட்டின் துளை ஸ்டோமாவைவிட 2–3 மி.மீ. மட்டும் பெரிது.
- வெளித்தள்ளி வீங்கிய ஸ்டோமா: மேலே சர்க்கரை தூவினால் சவ்வூடுபரவலால் நீர் வெளியேறி வீக்கம் வற்றும், பிறகு மெல்ல உள்தள்ளல். வினாத்தாளில் வியப்பூட்டுவதற்கென்றே வருவது.
- மிகைவெளியேற்ற இலியாஸ்டமி: 24 மணியில் 1,500 மி.லி.க்கு மேல். விளைவு: சோடியம், மக்னீசியம் இழப்பு, சிறுநீரகக் காயம். இலியாஸ்டமி நோயாளி மீண்டும் சேர்க்கப்பட முதன்மைக் காரணம் நீரிழப்பு.
- தாகத்துக்கு வெறும் நீர் குடிக்கக் குடிக்க வெளியேற்றம் மிகுதல். உப்பற்ற நீர் குடலுக்குள் சோடியத்தை இழுத்தல்.
- இளநீர்: பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே இங்கு உப்புக் கரைசலுக்கு மாற்று அல்ல.
- செயின்ட் மார்க்ஸ் கரைசல், ஒரு லிட்டரில்: குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5, சோடியம் பைகார்பனேட் 2.5. சோடியம் சுமார் 90 மில்லிமோல்.
- இன்றைய ஓ.ஆர்.எஸ்.: சோடியம் 75, சவ்வூடு செறிவு 245. பழையது: சோடியம் 90, செறிவு 311.
- மருந்து: லோப்பரமைடு, உணவுக்கு அரைமணி முன். துணை: ஒமிப்ரசோல் வகை.
- உலக ஸ்டோமா தினம்: மூன்றாண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் முதல் சனிக்கிழமை. முதல் முறை 1993.

பிற்காலச் சிக்கல்கள்

- குடல் ஒட்டு: சிறுகுடல் அடைப்பின் முன்னணிக் காரணம். பொடியிட்ட கையுறைக்கு அமெரிக்கத் தடை, 2017. காரணங்களுள் ஒன்று இந்த ஒட்டு.
- ஒட்டு அடைப்பில் காஸ்ட்ரோகிராஃபின் (நீரில் கரையும் சாயம்): 24 மணிக்குள் சீக்கத்தை எட்டினால் அறுவையின்றித் தேறல் வாய்ப்பு மிகுதி.
- குறுங்குடல் நோய்க்குறி: எஞ்சிய சிறுகுடல் 200 செ.மீ.க்குக் கீழ்.
- இறுதி இலியம் 60 செ.மீ.க்கு மேல் அகற்றம்: வைட்டமின் பி12 வாழ்நாள் ஊசி. கல்லீரல் இருப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறைபாடு தாமதமாக வெளிப்படல்.
- இலிய அகற்றம் 100 செ.மீ.க்குக் கீழ்: பித்த அமிலப் பேதி, மருந்து கொலஸ்டிரமின். 100-க்கு மேல்: கொழுப்பு மலம்.
- ஆக்சலேட் சிறுநீரகக் கல்: பெருங்குடல் எஞ்சியிருந்தால் மட்டும். பித்தப்பைக் கல்: பித்த உப்பு இழப்பால்.
- குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்: வித்துகள் ஆல்கஹால் கைத்தேய்ப்புக்குச் சாவதில்லை, சோப்பும் நீரும் தேவை. மருந்து: வாய்வழி வான்கோமைசின் 125 மி.கி., நாளுக்கு 4 முறை, 10 நாள். சிரைவழி வான்கோமைசின் பயனற்றது.
- தாழ் மலக்குடல் அகற்ற நோய்க்குறி: அடிக்கடி மலம், அவசரம், அடக்கமின்மை, விட்டுவிட்டு வெளியேற்றம். லார்ஸ் மதிப்பெண், டென்மார்க், 2012: 0–20 இல்லை, 21–29 மிதம், 30–42 கடுமை.